தேவாரத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு, ஒரு சோலார் சந்தேகத்தோடு

சுருளிப்பட்டிக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள். நான் போனது என் நாத்தனார் ராசம்மா வீட்டு மொட்டைமாடியைப் பார்க்க. 2009, ஐப்பசிக் கடைசி.

தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது எங்கள் தோட்டத்து வீடு. அங்கே கரண்டுக் கம்பி வரவில்லை. ஆவணியில் சோலார் மாட்டினோம். முதல் மாதம் விளக்கு விடிய விடிய எரிந்தது. பிறகு ராச்சாப்பாடு முடிவதற்குள் அணைய ஆரம்பித்தது. காட்டுப்பன்றி வாசல்வரை வருகிறது, வீட்டுக்காரருக்கோ கண் மங்கல். தேனியில் இருக்கும் மகன், "தைக்குள்ள சரியாகலேன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்கன வந்துருங்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். அவன் இருப்பது இரண்டாவது மாடி. காலையில் எழுந்தால் மண்ணை மிதிக்க முடியாது.

விற்றவரிடம் போனில் கேட்டால் மேகம் என்றார். ஆனால் அதே ஆளிடம் வாங்கிய ராசம்மா வீட்டில் விடியும்வரை எரிகிறதாம். சுருளிப்பட்டிக்கு மட்டும் மேகம் வராதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவளிடம் போய்க் கேட்பது லேசான காரியமில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமலே போனவள் அவள். அன்று பச்சைச் சுங்குடி கட்டியிருந்தாள். இலையில் அப்பளம் வைக்கும்போது எழுந்து போனாள். எனக்கு எதுவும் மறக்காது.

தேவாரத்தில் காலை ஏழு மணி பஸ். பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம், அங்கிருந்து கம்பம். கம்பத்தில் சுருளி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

"அருவிக்கா ஆத்தா? தண்ணி நல்லா விழுது" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா, வெளக்கு எரியிறதப் பார்க்கப் போறேன்."

"பகல்லயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ராசம்மா, "வாங்க மதினி" என்றாள். நான் நேராக மாடிக்கு ஏறினேன். பின்னாலேயே வந்த ராசம்மா விளக்கினாள். சோலார் தட்டு வெளிச்சத்தை வாங்கிக் கரண்டாக்குமாம். சின்னப் பெட்டி அதை அளவு பார்த்து பேட்டரிக்கு அனுப்புமாம். ராத்திரி பேட்டரி பல்புக்குக் கொடுக்குமாம். வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லையாம். தட்டு ரொம்பச் சூடானால் கரண்டு குறையுமாம். அப்படியென்றால் சித்திரை வெயில் எதற்கு? கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

அவள் தட்டு பளிச்சென்று மொட்டையாக இருந்தது.

"ஏன்டி, ஆயுதபூசைக்குக்கூட இதுக்குப் பொட்டு வைக்கலையா?"

"வச்சிருக்கேனே" என்று இரும்புக் காலைக் காட்டினாள். "நீங்க எங்கன வச்சீக?"

"கண்ணாடில. சந்தனத்தக் கெட்டியா மூணு பட்டை. மழை கழுவிட்டா வெள்ளிக்கிழமை மறுபடியும்."

ராசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது கண்ணை அடைச்சிட்டுப் பார்க்கலேங்கிறீகளே மதினி!"

"மூணு பட்டைக்கா அம்புட்டு வெளிச்சமும் போகும்?"

"கான்கிரீட் போடுறப்ப வரிசையா நின்னு சட்டிய கைமாத்துவாகல்ல? நடுவுல ஒருத்தன் தூங்குனா?"

"சட்டி நின்னுபோகும்."

"கண்ணாடிக்குள்ள தெரியிற இந்தக் கட்டமெல்லாம் அப்படித்தான் வரிசையா நிக்குது. மாட்ட வந்தவுக சொன்னாக."

கட்டம் எப்படிக் கைமாற்றும், அதற்கு ஏது கை? "சாப்பிட்டுப் போங்க" என்றாள். "பசியில்லை" என்று படியிறங்கினேன். கம்பத்தில் பஸ் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். தொடர்ந்து இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் நான் கோலம் போடும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகனுக்குப் போன் போட்டு, தையில் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு: கண்ணாடியை அடிக்கடி துடையுங்கள், வெயில் ஏறும் முன்னால். மரநிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் கிளையை வெட்டுங்கள். பொட்டை இரும்புக் காலில் வையுங்கள். சுருளிப்பட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கம்பத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரர் தொந்தரவு தாங்காமல் ராசம்மாவுக்கும் போன் செய்தேன்.

"எரியுதா மதினி?"

"எரியுது."

"அப்ப பொங்கலுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"மொதல்ல நீ இங்கன வந்து சாப்பிடு. அந்த எலை இன்னும் எடுக்காமத்தான் கெடக்கு."