தெற்கே போன மஞ்சள் தண்ணீர்

ஆயுத பூசையன்று எங்கள் வீட்டில் ஏர், அரிவாள், மண்வெட்டிகளோடு நுனி வளைந்த கடப்பாரை ஒன்றும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வைத்து இன்றைக்கு ஒரு வாழைக்கன்றுகூட நட முடியாது. கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளக் கூடாதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கூடாது. அது என் மாமியார் வளைத்த நுனி. மற்றவற்றுக்கு ஒரு பொட்டு என்றால் அதற்கு நெற்றி நிறையப் பூசுவேன். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன?

எருத்தேன்பதிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த வீட்டின் பெருமையே கிணறுதான். மழை போனால் போகிறதென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர் அது. அங்கே சித்திரையிலும் வற்றாத நல்ல தண்ணீர். வடகிழக்கு, அதாவது ஈசானிய மூலையில் கிணறு இருந்தால் குடும்பம் தழைக்கும் என்று பார்த்து வெட்டியிருந்தார்கள். வீட்டுக் கழிவுநீரும் ஈசானியம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பது அதே சாத்திரம். ஆகையால் அடுப்படியிலிருந்து போகும் செங்கல் சாக்கடையையும் அதே மூலைக்கு, கிணற்றை உரசிக்கொண்டு கட்டிவிட்டார்கள். நிலமோ தெற்கே சரிந்திருந்தது. தண்ணீருக்குச் சாத்திரம் தெரியுமா? பாதி வழியில் நின்று நாறும். தினமும் விளக்குமாற்றால் அதை மேட்டுக்குத் தள்ளுவோம். அதை ஒரு குறையென்று யாரும் நினைத்ததில்லை. மருமகள் வேலைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

என் மூத்த பையன் இந்த வீட்டில்தான் தவழ்ந்தான். பல் முளைக்கிற சமயத்தில் வாந்தியும் பேதியுமாகி, காலையில் சிரித்த பிள்ளை பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். கண்ணேறு என்றார்கள். நாக்கு வறண்டுவிடக் கூடாதென்று கடைசி வரைக்கும் சங்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மறு வருஷம் நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன். பக்கத்து ஊர்களில் காலரா கண்டு, சுகாதார இன்ஸ்பெக்டர் குடையும் கையுமாக வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார். மலையாளத்துக்காரர். எங்கள் சாக்கடையைக் குனிந்து பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இது சரியாவில்ல. இந்த அழுக்குத் தண்ணி கிணத்துல இறங்கும். அமாவாசைக்குள்ள மாத்தணும். இல்லேன்னா கிணத்துக்குப் பலகை அடிச்சு மூடிடுவேன்."

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வந்ததே கோபம்! "எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. கல்கண்டாட்ட இருக்கும்!" அவர் குடிக்கவில்லை. சாயம் ஏதாவது கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுநாள் கிணற்றுக்குள் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மூக்கை உடைத்தே தீருவதென்று அத்தை மஞ்சளை இடித்து அண்டா நிறையக் கரைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஊற்றினார். மறுநாள் விடியலில் முதல் ஆளாகக் கிணற்றடிக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன். உள்சுவரின் கல்லிடுக்கெல்லாம் மஞ்சள் கோடு கோடாக இறங்கியிருந்தது. வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை வீசி அதைக் கழுவியிருக்கலாம். அத்தை என் வயிற்றையே பார்த்தபடி நின்றார். "அம்மிணி, நம்ம பையன் வாயில இந்தத் தண்ணியத்தான ஊத்துனோம்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. வாசலுக்குப் போய், நேற்று கூட்டிய அதே பெண்களைக் கூப்பிட்டு, "அந்த மனுசன் சொன்னது நெசந்தானுங்க. வந்து பாருங்க" என்றார்.

சாக்கடையைத் தெற்கே திருப்ப வேண்டும் என்றதும் பெரிய மாமனார் வந்துவிட்டார். என் மாமனாரின் அண்ணன். மாமனார் காலமான பிறகு இந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். "தெக்கால தண்ணி விடறது எமனுக்கு வழி வெட்டறதாக்கும். புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல செய்யற காரியமா இது?" வேலைக்கு வந்திருந்த கொத்தனார் எங்கள் வீட்டுக் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அம்மா முகத்தையும் பெரியப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு எல்லாமே பயந்தான்.

பெரிய மாமனாரிடம் கதவுக்குப் பின்னால் நின்றே பேசிப் பழகியவர் அத்தை. அன்றைக்கு முற்றத்தில் இறங்கினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். "ஏனுங்க மாமா, எம் மருமவ வயித்துக்குள்ள போறது கெணத்துத் தண்ணிங்க. தெசை போறதில்லீங்க. பழி வந்தா எந்தலையில வரட்டும்." ஓங்கிப் போட்டார். அடியில் பாறை இருந்திருக்கிறது. கணீரென்று சத்தம் கேட்டது, நுனி வளைந்தது. அவர் நிறுத்தவில்லை. வளைந்ததைக் கொண்டே நெம்பினார். பெரிய மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் கொத்தனார் மண்வெட்டியை எடுத்தார், என் வீட்டுக்காரர் கூடையை எடுத்தார்.

பழைய சாக்கடையை இடித்து, புதிதாகச் சரிவு பார்த்துச் செங்கல் பாவிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கிணற்றை இறைத்துத் தூர்வாரினோம். அமாவாசைக்கு முந்தின நாளே, யாரும் கேட்காமலே அத்தை மறுபடியும் அண்டா மஞ்சளைக் கரைத்து ஊற்றினார். விளக்குமாற்றுக்கு வேலையே இல்லை. தண்ணீர் தானாகச் சலசலவென்று ஓடித் தெற்கே வாழைமரத்தடியில் போய் விழுந்தது. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் கிணற்றுக்குள் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"கல்கண்டாட்ட இருக்குதுங்களா?" என்றார் அத்தை.

"இப்ப உண்டு" என்றார் அவர். அத்தை முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த வயிற்றில் இருந்தவள்தான் என் மகள். இந்த ஆயுத பூசைக்குத் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். கடப்பாரைக்கு மஞ்சள் பூசிவிட்டு, மிச்சத்தை அவள்பாட்டுக்குச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கை கழுவினாள். நான் அந்த மஞ்சள் தண்ணீரின் கூடவே நடந்து வாழைமரத்தடி வரைக்கும் போனேன். திரும்பும்போது, வழக்கம் போலக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு மஞ்சள் கோடும் இல்லை, கல் கல்லாகவே இருந்தது. ஒரு வாளி இறைத்துப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தேன்.