மேற்கு ஜன்னலும் சுந்தராம்பாளும்

செஞ்சியில் ஜன்னல் கண்ணாடி துடைப்பதையே தொழிலாக வைத்துப் பிழைத்த முதல் ஆள் யார் என்று கேட்டால், சுந்தராம்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவளுக்கு அந்தத் தொழில் எப்படி வந்தது என்று கேட்டால்தான் எனக்கு நாக்கு தடுமாறும். அதில் என் கையும் இருக்கிறது, அதுவும் பெருமைப்படும்படியாக இல்லை.

1983 பொங்கலுக்கு முந்தைய வாரம். என் மாமனார் தாண்டவராயன் திருவண்ணாமலை ரோட்டில் புது வீடு கட்டி முடித்திருந்தார். தை பிறந்ததும் கிரகப்பிரவேசம். எங்கள் பக்கத்தில் அதுவரை ஜன்னல் என்றால் மரக்கதவும் கம்பியும்தான். மாமா பாண்டியிலிருந்து வைக்கோலில் பொதிந்து கண்ணாடி கொண்டுவந்தார். கூடத்து மேற்கு ஜன்னலுக்கு மட்டும் ஒரே பெரிய கண்ணாடி. ஈசிசேரில் சாய்ந்தபடி அது வழியாக ராஜகிரியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த மலையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. மருமகளாக வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ரஞ்சிதம் கெட்டிக்காரி என்று அந்த வீட்டில் பேர் வாங்கியிருந்தேன், அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளையடித்தது ராஜாங்கம் மேஸ்திரியின் ஆட்கள். அவர்களுக்கும் ஜன்னல் கண்ணாடி புதுசு. சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் பாதியைக் கண்ணாடிக்கும் அடித்துவிட்டுப் போனார்கள். அது காய்ந்து, உடன்பிறப்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க மேஸ்திரி சுந்தராம்பாளை அனுப்பினான்.

சுந்தராம்பாள் அவனிடம் சித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை போட்டிருப்பாள். புருஷன் துரைக்கண்ணு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். அன்று அவள் ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற சாமான் அத்தனையும் கொண்டுவந்து வைத்தேன். ஊறவைத்த புளி, சலித்த செங்கல் பொடி, தேங்காய் நார்.

"இத்தால தேய். அண்டா தேய்க்கிற மாதிரி நல்லா அழுத்தித் தேய்."

"கண்ணாடியாச்சேம்மா. செங்கல்லு கீறாதா?"

"எங்க ஊட்டுப் பித்தளை எல்லாம் இதுலதான் பளபளன்னு இருக்குது. தேய், நேரமாவுது."

தேய்த்தாள். சுண்ணாம்பு போய்விட்டது. ஈரத்தோடு பார்த்தபோது கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். நாலு மணிக்கு மேற்கு வெயில் நேராக விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாடி முழுக்கப் பூனை பிறாண்டியது போலக் கீறல். அதற்கு அப்பால் ராஜகிரி பனிமூட்டத்தில் நின்றது.

மாமா வந்து பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி அவளைக் கூப்பிட்டான்.

"யாரு உன்ன செங்கல் பொடி வச்சுத் தேய்க்கச் சொன்னது?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் தேய்ச்சேன்" என்றாள்.

"நாளையிலருந்து வேலைக்கு வராத."

நான்தான் சொன்னேன் மாமா, என்பது மூன்று வார்த்தை. அதைக்கூட நான் சொல்லவில்லை. மாமாவின் கோபத்துக்குப் பயந்தேன், உண்மைதான். அதைவிடக் கெட்டிக்காரி என்ற பேர் போய்விடுமே என்று பயந்தேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாமா புதுக் கண்ணாடி போடவில்லை. அவர் வீம்பு அப்படி. "இருக்கட்டும். வேலை தெரியாத ஆளை அனுப்பினா இன்னா ஆவும்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றார். ராஜாங்கம் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள, ஊரிலிருந்த அத்தனை மேஸ்திரிகளிடமும் சுந்தராம்பாள் கை ஆகாத கை என்று சொல்லிவைத்தான். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கிரகப்பிரவேசப் படத்துக்குச் சட்டம் போட கரீம் பாய் கடைக்குப் போனேன். சாமி படம், கல்யாணப் படம் எல்லாவற்றுக்கும் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவர் அவர். கடைக்குப் பின்னால் வெயிலில் சுந்தராம்பாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள், எல்லாவற்றிலும் சுண்ணாம்பு.

"இன்னா பாய் இது?" என்றேன்.

"வேலை கேட்டு வந்துதுன்னு நெனைச்சேம்மா. ஒடஞ்ச கண்ணாடி இருந்தா குடு பாய்ன்னுச்சு. அதுவே சுண்ணாம்பு பூசுது, காய வைக்குது, அதுவே எடுக்குது. ரெண்டு மாசமா இதே வேலை."

என் நெஞ்சு குறுகுறுத்தது. குற்றமுள்ள நெஞ்சல்லவா. அவளிடம் பேசாமல், சட்டத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் கண்டுபிடித்ததைப் பிற்பாடு கரீம் பாய்தான் எனக்கு விளக்கமாகச் சொன்னார். கஞ்சித்தண்ணீர், புளித்த மோர், எலுமிச்சை, சீயக்காய் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால், அன்று நான் கொடுத்ததில் புளி சரி, செங்கல் பொடியும் நாரும்தான் தப்பு. பழைய வேட்டித் துணியைப் புளித்தண்ணீரில் நனைத்துக் கண்ணாடிமேல் ஒட்டிவிட வேண்டும். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு துணியை உரித்தால் சுண்ணாம்பு குழைந்து கூடவே வந்துவிடும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தால் முடிந்தது. இதில் எந்த இடத்திலும் அழுத்தம் கிடையாது.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். வெயில் படுகிற கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. தண்ணீர் சட்டென்று காய்ந்து திட்டு விழும். அதனால் கிழக்கு ஜன்னலுக்குச் சாயங்காலம், மேற்கு ஜன்னலுக்குக் காலை. எத்தனை அவசரம் என்று சொன்னாலும் இந்தக் கணக்கை மாற்ற மாட்டாள். "சூரியன் போவட்டும், வரேன்" என்பாள். பெரிய உத்தியோகஸ்தர்கள்கூடச் சூரியன் போகிறவரை காத்திருந்தார்கள்.

முதல் வேலை கரீம் பாய் கடையிலேயே கிடைத்தது. அடுத்து ஒரு மிட்டாய்க்கடையின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரி, ஒரு டாக்டர் வீட்டு மாடி. இரண்டு வருஷத்தில் ஒரு மூங்கில் ஏணி, ஒரு வாளி, ஒரு மூட்டைக் கந்தல் சேர்த்துவிட்டாள். ஏணியைத் துரைக்கண்ணு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார். பொம்பளை ஏணி ஏறுகிறாள் என்று கீழே நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் உண்டு. "சும்மா நிக்கறியே, ஏணியைப் புடி" என்பாள். பாதிப்பேர் நழுவிவிடுவார்கள், மீதிப்பேர் நிஜமாகவே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலகத்தில் எந்தத் தொழில்காரரும் செய்யாத வழக்கம். புதிதாக யார் வேலைக்குக் கூப்பிட்டாலும், "திருவண்ணாமலை ரோட்டுல தாண்டவராயன் ஊட்டு மேற்கு ஜன்னலைப் போய்ப் பாருங்க. அது நான் கெடுத்த கண்ணாடி. பாத்துட்டு மனசு இருந்தா கூப்பிடுங்க" என்பாள். பின்னால் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்பது அவள் எண்ணம்.

அப்புறம் என்ன, ஆள் மாற்றி ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோட்டை பார்க்க வருகிற கூட்டத்தில் பாதி எங்கள் ஜன்னலுக்கு வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். மாமாவுக்கு ஒரே உற்சாகம். வெயில் எந்த நேரத்தில் விழுந்தால் கீறல் நன்றாகத் தெரியும் என்றெல்லாம் விளக்குவார். நான் வந்தவர்களுக்கு மோர் கொடுப்பேன். ஒவ்வொரு தரமும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு தரமும் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

1985 தீபாவளிக்கு முன்னால் ஜகபர் அலி வந்தார். பஜாரில் அவருடைய துணிக்கடையை இடித்து, முகப்பு முழுக்கக் கண்ணாடியாகக் கட்டியிருந்தார். வெள்ளையடித்தது ராஜாங்கத்தின் ஆட்கள். வழக்கம்போல் கண்ணாடியெல்லாம் சுண்ணாம்பு. அந்த வேலை சுந்தராம்பாளுக்குக் கிடைத்தால் பஜார் முழுக்க அவளைக் கூப்பிடும், கிடைக்காமல் போனால் ஜகபர் அலியே வேண்டாமென்றார் என்று இருக்கிற வேலையும் போய்விடும் என்று கரீம் பாய் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஜகபர் அலி கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நேர்மையான பொம்பளைதாண்ணே. தானே வந்து பாருங்கன்னு சொல்லுது. ஆனா கை கனமாட்டம் தெரியுது. என் கடை கண்ணாடி ஒவ்வொண்ணும் ஆள் ஒசரம். ராஜாங்கம் ஆளுங்களையே வச்சு எடுத்துக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

"அதான் சரி பாய்" என்றார் மாமா.

நான் மோர் டம்ளரோடு நின்றிருந்தேன். உள்ளே போகத் திரும்பியும்விட்டேன். கால் போகவில்லை.

"மாமா, செங்கல் பொடி குடுத்தது நான்" என்றேன். "கீறாதாம்மான்னு அவ கேட்டா. அண்டா மாதிரி அழுத்தித் தேய்னு நான்தான் சொன்னேன். அவ கையில ஒண்ணும் தப்பில்ல."

மாமா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"மூணு வருஷமா இத்தக் காட்டிக் காட்டி அவள ஏசிக்கினு இருந்தேனே" என்றார் கடைசியில். அவர் குரல் தாழ்ந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு, "பாய், வேலையை அந்தப் பொண்ணுக்கே குடு" என்றார்.

கொடுத்தார். மூன்று நாளில் அத்தனை கண்ணாடியையும் முடித்தாள். திறப்பு விழா அன்று மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கண்ணாடி இருப்பதே தெரியாமல் நெற்றியை முட்டிக்கொண்டார். ஜகபர் அலி அன்றைக்கே குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னார். அந்தச் சிவப்புக் கோட்டைவிடப் பெரிய விளம்பரம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பஜாரே அவளைக் கூப்பிட்டது. கடைசியில் ராஜாங்கமும் ஆள் அனுப்பி, தன்னிடம் வந்துவிடு என்றான். "நான் யாருகிட்டயும் வேலைக்கு வரதில்ல, வேலை இருந்தா என்னைக் கூப்பிடச் சொல்லு" என்று பதில் அனுப்பினாள்.

அடுத்த பொங்கலுக்கு மாமா அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். காலையிலேயே வந்தாள், மேற்கு ஜன்னல் இருக்கிறதே. ஏணியைச் சாத்திவிட்டு வாளியில் புளியைக் கரைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

"பொடி நீங்க குடுத்தீங்க. கீறும்னு எனக்குத் தோணிச்சே. தோணியும் தேய்ச்சேனே, அந்தக் கை என்துதான?" துணியைப் பிழிந்தாள். "அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே அடுத்தவங்க சொல்றாங்கன்னு எதையும் தேய்க்கறதில்ல. அப்படின்னா தனியாத்தான வேலை செய்யணும். அதான் செஞ்சேன்."

என் மூன்று வருஷத்துக் குற்றத்தை அவள் இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதை அவள் கண்டுகொள்ளவில்லை, வேலை கிடக்கிறதே.

மேற்கு ஜன்னலைக் கழுவி முடித்ததும் ஏணியிலிருந்து இறங்கி, கசக்கிய செய்தித்தாளை என் கையில் வைத்தாள்.

"இத்த மட்டும் நீங்க தொடைங்க."

நான் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். கீறல்களுக்கு அப்பால் ராஜகிரி மங்கலாகத் தெரிந்தது. தேய்த்தால் போகாது என்று தெரிந்தும் என் கை தானாகப் பலம் கொடுத்தது.

"அழுத்தாதீங்கம்மா" என்றாள்.