இருட்டுவதற்குள் வீடு திரும்பும் படை

எங்கள் சமையலறை ஆணியில் நெளிந்துபோன அலுமினிய மூடி ஒன்று தொங்குகிறது. பர்மாவில் நாங்கள் இருக்கும் பபேடான் வட்டாரத்துப் பிரியாணிக்கடையில் அத்தை இரவல் வாங்கியது. நெளிந்ததும், திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். தட்டிச் சரிசெய்யலாமே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மாதா கோயில் திருவிழாவுக்கு அத்தை எழுதிய நாடகத்தில் அந்த மூடிதான் ராஜாவின் கேடயம். ராஜாவும் அத்தையே. தமிழ் வசனத்தை மனப்பாடம் செய்ய ஆண்பிள்ளை ஒருவரும் முன்வரவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் மதில் சூழ்ந்த ஊர்கள் அரசனுக்குப் படையாள் அனுப்பியாக வேண்டும். சில ஊர்கள் மட்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் வருவோம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தனவாம். அதைப் படித்துச் சிரிப்பு அடங்காமல்தான் அத்தை அதையே நாடகமாக்கினார். “ராசாவுக்குச் சண்டை, ராத்திரிச் சோறு வீட்டுல! இவங்கதாண்டி மனுசங்க!”

பங்குச் சாமியார் கறாராகச் சொல்லியிருந்தார்: சனம் பாதியில் எழுந்துபோனால் அடுத்த வருஷம் தமிழ் கிடையாது, பர்மிய நாடகம்தான்.

ஊர்ப்படையாக நடித்தவர்கள் ஆற்றுக்கு அப்பால் தாகேதாவிலிருந்து வந்தவர்கள். மேடைப் பேச்சுகள் நீண்டதால் நாடகம் தாமதமாகத் தொடங்கியது. சண்டை சூடுபிடிக்கும்போது வாசலில் அவர்களுடைய வாடகை வண்டி ஹார்ன் அடித்தது. “மன்னிச்சுக்குங்க அக்கா, வண்டி போயிரும்!” என்றார் படைத்தலைவர். வேலும் கையுமாக மொத்தப் படையும் இறங்கி ஓடிவிட்டது. மந்திரியாக நின்ற நான் அத்தையைப் பார்த்தேன். பின்வரிசை எழத் தொடங்கியது. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தை அசரவில்லை. “போகட்டும்! பொழுது சாயுது, ஒப்பந்தப்படி அவங்க வீட்டுக்குப் போகலாம்” என்று முழங்கினார். பிறகு எழுந்து நின்ற சனத்தைப் பார்த்தார். “நீங்க எங்க போறீங்க? உங்க வீடு அடுத்த தெருதான! ஏறுங்க மேல!”

விருந்துச் சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாள்தான் கரண்டியோடு முதலில் ஏறினார். தமிழ் புரிந்தும் பேச வராத இளசுகள், வந்துட்டோம் என்பதைப் பர்மியத்தில் “லா பீ! லா பீ!” என்று கத்திக்கொண்டு, அண்டா மூடிகளோடு பின்னால் பாய்ந்தார்கள். எதிரிப் படை பாவம், நாலே பேர். அவர்களுக்குத் துணையாகச் சாமியாரே குடையோடு ஏறி, அத்தையின் கேடயத்தில் ஓங்கி ஒன்று போட்டார். அடேயப்பா, அந்தச் சிரிப்பு! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இறங்கும்போது சாமியார் மூச்சு வாங்கச் சொன்னார்: “அடுத்த வருஷம் எனக்கு ஒரு நல்ல வாள் வாங்கி வைங்கம்மா.”

இப்போது ராஜா நான். நாளைய திருவிழாவுக்காக மூடியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். குடை பட்ட பள்ளத்தில் துணி சரியாக நுழைவதில்லை. தாகேதா வண்டிக்காரரைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லட்டுமா என்று அத்தையைக் கேட்டேன்.

“சொல்லித் தொலைச்சிராத!” என்று அறையிலிருந்து கத்துகிறார். “அவங்க ஓடுனாத்தான நம்ம சனம் மேல ஏறும்?”