மலைப்பாம்பை விடாத ஆதரவாளர் சங்கம்

அமகாசாகி கடைவீதியில் நெகோரோ யசுமிட்சுவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் என்ன செய்து பேர் வாங்கினான் என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். ஆள் கலப்புச் சண்டைக்காரன். அந்தச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். நெகோரோ குத்தவும் மாட்டான், உதைக்கவும் மாட்டான். மணி அடித்ததும் எதிராளியை இழுத்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்துவிடுவான். கீழே கிடந்தபடியே ஒரு கையையோ காலையோ தேடிப் பிடித்துப் பூட்டுப் போடுவான். வலி தாங்காமல் அந்த ஆள் ரெண்டு தட்டுத் தட்டினால் கதை முடிந்தது. மேடையில் அவனுக்குப் பட்டப்பேர் மலைப்பாம்பு.

பகலில் அவனுக்கு எலும்புக் கட்டு வைத்தியசாலை. முறுக்குகிறவனே நேராக்கவும் செய்கிறானே என்று சிலர் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மீன் வெட்டுகிறவன் மீன் சமைக்கக் கூடாதா?

சின்ன வயதில் போலீஸ் ஸ்டேஷன் ஜூடோ கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே முதல் பாடம், தட்டினால் உடனே விடு. நெகோரோ அந்தப் பாடத்தைச் சோறு தின்பதுபோலப் பழகினான். ரயிலில் யாராவது தோளைத் தட்டி வழி கேட்டால்கூட, பிடித்திருக்கும் கம்பியை விட்டுவிடுவான்.

அவன் இளவட்டமாக இருந்த காலத்தில், வருஷக் கடைசி ராத்திரி நாடே டிவி முன்னால் உட்கார்ந்து இந்தச் சண்டையைப் பார்க்கும். நெகோரோவும் ஒரு தடவை அதில் வந்தான். சரியாக அவன் பூட்டுப் போட்ட நேரத்தில் நூடுல்ஸ் விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்து பார்த்தால் அவன் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறான். அப்புறம் ஒரு முறை ஹவாய்க்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அவன் மல்லாந்ததும் கூட்டம் மொத்தமும் 'ஊ' என்று கத்தியது. நம் ஜப்பானில் தரைச் சண்டை என்றால் பரீட்சை எழுதுகிற மாதிரி மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். அதனால் இவன் அதை வாழ்த்து என்று நினைத்து நாலு பக்கமும் குனிந்து வணங்கிவிட்டு வந்தான். எனக்காக எல்லாரும் சேர்ந்து பாடினார்கள் என்று ஊரில் வந்து சொன்னான். யாரும் திருத்தவில்லை.

அவனுக்கு ஆதரவாளர் சங்கம் உண்டு. தலைவர் ஊறுகாய்க் கடை உபுகாதா. சங்கத்தார் டிக்கெட் வாங்குவார்கள், தங்கள் கடைப் பேரை அவன் கால்சட்டையில் தைத்துவைப்பார்கள். இடது தொடையில் டோஃபு கடை, வலது தொடையில் பல் டாக்டர், பின்பக்கம் முழுக்க உபுகாதா ஊறுகாய். நெகோரோவோ மல்லாந்து படுக்கிற ஜாதி. பதினெட்டு வருஷமாக அந்த ஊறுகாய் தரையைத்தான் பார்த்திருக்கிறது. உபுகாதா முதல் வரிசையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவார்: "குப்புறப் படுடா! ஒரு தடவையாவது குப்புறப் படு!" வெளியூர்க்காரர்கள் அதைப் பெரிய சண்டை நுணுக்கம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள்.

போன இலையுதிர் காலத்தில் நெகோரோவின் வலது முழங்கை நீட்ட வராமல் போயிற்று. அவன் வெளியே சொல்லவில்லை. சோற்றுக் கிண்ணத்தைக் கை மாற்றிப் பிடிக்க ஆரம்பித்ததைப் பெண்டாட்டி சிசூரு பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் வைத்தியசாலையில் இடுப்புப் பிடித்த ஒரு அம்மாளைத் தூக்கி உட்காரவைக்க முடியாமல், அந்த அம்மாள் இவன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும்படி ஆனது.

சிசூரு அன்றைக்குச் சமைத்துக்கொண்டே சொன்னாள். "சண்டை போனா நமக்கு ஒண்ணும் இல்லைங்க. கை போனா வைத்தியசாலையைச் சாத்தணும். எப்ப நிறுத்தறீங்க?"

நிறுத்தலாம்தான். சங்கம் விட வேண்டுமே. பதினெட்டு வருஷம் சோறு தண்ணி பார்த்தவர்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்கிற வாய் நெகோரோவுக்கு இல்லை. தோற்ற பிறகு மெதுவாகப் பேச்செடுத்தான். தோற்றுவிட்டா போவது, ஊர் என்ன பேசும் என்றார் உபுகாதா. அடுத்ததில் ஜெயித்துவிட்டுப் பேச்செடுத்தான். ஜெயிக்கிறவன் எதற்குப் போக வேண்டும் என்றார். ஒரு தடவை ஆட்டம் சமனில் முடிந்தது. அப்போது, சமனில் விட்டுவிட்டுப் போனால் ராத்திரி தூக்கம் வராது என்று சங்கமே கூடித் தீர்மானம் போட்டது.

உள்விஷயம் வேறு. சண்டைக்காரன் இல்லாவிட்டால் சங்கம் இல்லை. சங்கம் இல்லாவிட்டால் வருஷக் கடைசி நண்டுச் சட்டி விருந்து இல்லை, வெந்நீர் ஊற்றுக்குப் போகிற பயணம் இல்லை. சங்கக் காரியம் என்றால்தான் வீட்டில் விடுகிறார்கள். நெகோரோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைவீதி ஆண்கள் எல்லாரும் வருஷத்துக்கு ரெண்டு நாள் நிம்மதியாகக் குடிக்கிறார்கள்.

கடைசியில் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. ஜெயித்தவன் கையில் மைக் கொடுப்பார்கள். மைக்கில் ஊரறியச் சொன்ன சொல்லை யாராலும் திருப்ப முடியாது. அடுத்த சண்டையில் ஜெயித்தே ஆக வேண்டும், மைக்கை வாங்க வேண்டும், இன்றோடு சரி என்று சொல்லிவிட வேண்டும். சிசூருவிடம் மட்டும் சொன்னான். தோற்றால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

எதிராளி ஷியோமி ரெந்தா. இருபத்திரண்டு வயது, ரோஸ் கலர் தலைமுடி, இடி மாதிரிக் குத்து. முதல் சுற்றில் நெகோரோவின் மூக்கு வீங்கியது. இரண்டாவது சுற்றில் இவன் அவனை இழுத்துக்கொண்டு மல்லாந்தான். நகராட்சி உடற்பயிற்சிக் கூடம் நிசப்தமாயிற்று, உபுகாதாவைத் தவிர. வலது கை நீளாவிட்டால் என்ன, மடங்குமே. மடங்கிய அந்தக் கையாலேயே ரெந்தாவின் இடது கையைக் கோத்துப் பூட்டினான். அதைவிடச் சுத்தமான பூட்டை அவன் வாழ்நாளில் போட்டதில்லை.

ரெந்தா தட்டினான். ரெண்டு தட்டு, நெகோரோவின் விலாவில். நடுவர் நின்றது மறுபக்கம். ரெந்தாவின் முதுகு மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை.

நெகோரோ விட்டுவிட்டான். நடுவர் வந்து பிரிக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று நேற்றைக்குச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் தட்டியதும் விட்டான், விட்டது மட்டுமில்லை, எழுந்து மண்டியிட்டு, நன்றாகச் சண்டை போட்டாய் என்கிற மாதிரித் தலையைக் குனிந்தான். ரெந்தா பொல்லாதவன் இல்லை. முடிந்ததா என்று நடுவர் முகத்தைப் பார்த்தான். நடுவர், ம், சண்டை நடக்கட்டும் என்று கையசைத்தார். பெரியவர் சொல்கிறாரே என்று ரெந்தா ஒரு குத்துவிட்டான்.

நெகோரோ கண் திறந்தபோது மைக் ரெந்தாவிடம் இருந்தது.

"நெகோரோ அண்ணன்கிட்ட நிறையக் கத்துக்கிட்டேன்," என்றான் அந்தப் பிள்ளை, கண் கலங்கி. "ஏப்ரல்ல மறுபடி ஒரு சண்டை வேணும்."

உபுகாதா எழுந்து கை தட்டினார். சங்கம் மொத்தமும் தட்டியது. ஏப்ரல் என்றால் செர்ரி பூக்கிற நேரம், அதற்கு ஒரு விருந்து வைத்துக்கொள்ளலாம்.

சிசூரு ஐஸ் பையோடு மணி அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் மரியாதை தெரிந்த மனுஷன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டார்.

அவள் அடித்தாள். முதல் அடி அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை அடித்தாள். இந்தக் கூடங்களில் அப்படி நிதானமாகப் பத்து அடித்தால் ஒரே அர்த்தம்தான். ஒரு சண்டைக்காரன் மேடையை விட்டுப் போகிறான், இல்லை உலகத்தை விட்டே போகிறான். அந்த மணிக்கு உட்கார்ந்திருக்க இந்த நாட்டில் யாருக்கும் மனசு வராது. மூன்றாவது அடியில் முன்வரிசை எழுந்தது. அடுத்ததில் பாதிக் கூடம் எழுந்தது. ரெந்தா மைக்கோடு தலை குனிந்தான். பின்வரிசையில் ஒரு அம்மாள் யார் செத்தது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்முன்னே கை கூப்பினாள். அறிவிப்பாளருக்குப் பழக்கதோஷம், கம்மிய குரலில் நெகோரோ யசுமிட்சு என்று பேரை இழுத்துச் சொன்னார்.

கை தட்டி முடித்து உட்கார்ந்த உபுகாதா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழாமல் இருந்தார். டோஃபு கடைக்காரர் அவரைப் பார்த்தார். பல் டாக்டர் பார்த்தார். கூடமே பார்த்தது. ஏழாவது அடிக்கு அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பத்தும் அடித்து முடித்துச் சிசூரு சுத்தியைத் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து நின்று வழியனுப்பிய ஆளை மறுபடி கூப்பிட முடியுமா?

உடை மாற்றும் அறைக்கு உபுகாதா கத்துவதற்கென்றுதான் வந்தார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது, அதனால் கத்த வரவில்லை. நெகோரோ ஐஸ் பையை மூக்கில் வைத்துக்கொண்டு எழப்பார்த்தான். சிசூரு அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"நீ செத்துட்டேன்னு பின்வரிசையில பேசிக்கறாங்க," என்றார் உபுகாதா.

நெகோரோ ஐஸ் பையை மூக்கிலிருந்து எடுத்தான்.

"அப்படியே இருக்கட்டும் தலைவரே," என்றான். "ஏப்ரல் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."