நேராகத்தான் போனது

உத்திராபதி சிதம்பரத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கினான். அவன் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் அவன்தான். குறிஞ்சிப்பாடிக்குத் திரும்பியவனுக்குக் கிடைத்த வேலை கொடி பிடிப்பது. கட்சிக் கொடி அல்ல. சம்பா வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தெளிக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டி வரப்பில் நின்றால், அதைக் குறிவைத்து விமானம் தாழப் பறந்து வரும். அது தலைக்கு மேல் வருமுன், மருந்து விழாத பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும்.

"பி.எஸ்சி. படிச்ச சோளக்கொல்ல பொம்மடா நீ" என்று அத்தை கொளஞ்சியம்மாள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் படித்தது எதற்கு என்ற கேள்வி, மருந்து வாடையைப் போல உடம்பை விட்டுப் போகவில்லை.

விமானி குலாம் முகம்மது பரங்கிப்பேட்டைக்காரர். யாரையும் மச்சான் என்றே கூப்பிடுவார். அவர் வந்த முதல் மாட்டுப் பொங்கலன்று ஊரே ஓடுதளத்துக்குத் திரண்டு வந்தது. வயலில் உழைத்தது மாடு மட்டுமா? விமானத்தின் மூக்கில் சந்தனம் அப்பினார்கள். ஆவாரம்பூ மாலை போட்டார்கள். பூசை முடிந்ததும் மாட்டை அவிழ்த்துத் துள்ள விடுவதுதானே வழக்கம்!

"உழைச்ச மாடு துள்ளணும் பாய். சும்மா கட்டி வெச்சா வருசம் வெளங்காது" என்றார் நாட்டாண்மை கோவிந்தசாமி.

"துள்ள வுட்டா புடிக்க ஆள் இருக்கா?" என்று கேட்டபடியே குலாம் முகம்மது மாலையைக் கழற்றிவிட்டு ஏறினார்.

விமானம் செங்குத்தாக ஏறி, மல்லாந்து, தலைகீழாகச் சுழன்று, அலறிக்கொண்டு இறங்கி நிமிர்ந்தது. கூட்டம் விசிலடித்தது. "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது. இன்னொரு கரணமும் அடித்தார்.

உத்திராபதி மட்டும் இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கரணத்தின் அடிவளைவில் இறக்கைகள் பலமடங்கு சுமை தாங்க வேண்டும். இது மருந்து சுமக்கச் செய்த வண்டி. கரணம் போடக் கூடாது என்று விமானியின் இருக்கைக்கு எதிரே தகட்டிலேயே எழுதியிருந்தது. விமானம் இறங்கியதும் போய்ப் பார்த்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் தகட்டில் லேசாகச் சுருக்கம் விழுந்திருந்தது.

"சார், இது நேத்து இல்ல."

"எனக்கே வயசாவுது, அதுக்குச் சுருக்கம் வுழக் கூடாதா மச்சான்? ரெண்டு தடவ அடிச்சனே, எதனா ஆச்சா?"

தனக்கு இருப்பது அறிவா, பயமா என்றே அவனுக்குப் பிடிபடவில்லை.

தை முடிவதற்குள் அது நடந்தது. காற்றில்லாத காலை. வேடிக்கை ஏதும் இல்லை. விமானம் அவன் கொடியை நோக்கி நேராக, அமைதியாக வந்துகொண்டிருந்தது. தகரம் கிழிவது போல ஒரு சத்தம். ஒரு பக்க இறக்கை மேலே மடங்கியது. அடுத்த கணம் வயலில் புகைதான் இருந்தது.

அவர் மனைவி மெகருன்னிசா தன் அண்ணனோடு வந்து, அந்த வரப்பில் நின்று கேட்டாள்: "அன்னிக்கும் வெளயாட்டுக் காட்டுனாங்களா?"

"இல்லம்மா. சத்தியமா நேராத்தான் போச்சு" என்றார் கோவிந்தசாமி.

அவள் முகம் தளர்ந்தது. "அப்ப அவுங்க தப்பு இல்ல. ஹயாத்து அவ்ளோதான், எழுதுன ஆயுசு முடிஞ்சுது" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபின் உத்திராபதியால் வாய் திறக்க முடியவில்லை. கோவிந்தசாமி சொன்னதில் பொய்யும் இல்லையே!

அதற்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் யாராவது தகரம் வெட்டினால் போதும், அவன் கை தானாக மேலே எழும். கொடி பிடிப்பது போல.

மறு பொங்கலுக்கு வேறு விமானம், வேறு விமானி. அரும்பு மீசை வைத்த இளைஞர். மறுபடியும் சந்தனம், மறுபடியும் ஆவாரம்பூ.

"போன வருசம் ஒரு பாய் ரெண்டு கரணம் அடிச்சாரு தம்பி. ஒண்ணும் ஆவல. பாவம், வேற ஒரு நாளு நேரா போவக்குள்ள போய்ட்டாரு" என்றார் கோவிந்தசாமி.

இளைஞர் சிரித்துக்கொண்டே ஏறினார். எஞ்சின் உறுமியது. உத்திராபதி ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் நின்றதும் கத்தினான்:

"றெக்க முறிஞ்சது இங்க, பொங்கலன்னிக்கு! வுழுந்ததுதான் அப்புறம். கம்பிய ரெண்டு தடவ வளைச்சா அப்பவே முறியாது சார், அப்புறம் தொட்டாலே போதும். இந்த வண்டி கரணத்துக்குச் செஞ்சதில்ல!"

இளைஞர் இறங்கி, இறக்கையைத் தடவிப் பார்த்தார்.

"செத்தவர் மேல பழி போடறியே, நீ படிச்ச படிப்பா இது?" என்று கோவிந்தசாமி கத்தினார். "ஊரு பொங்கலயே கெடுத்துட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஊர் வாய் வழியாகச் செய்தி போகுமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாளே பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினான். மெகருன்னிசா வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அவுங்களுக்குத் தெரியுமா?"

"சுருக்கத்தக் காட்டுனேன்கா. சிரிச்சாங்க."

"சிரிப்பாங்க." பிறகு கேட்டாள்: "புதுசா வந்தவரு இன்னும் எத்தன ஊருக்குப் போவணும்?"

"அறுவடை வரைக்கும் பறப்பாருக்கா. எங்க போனாலும் கரணம் கேப்பாங்க."

"அப்ப அடிக்க வேணாம்னு அவருகிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க தம்பி. குலாம் முகம்மது பொண்டாட்டி சொன்னான்னு."

அவன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. அவனிடம் கேட்டதா, தனக்குள் கேட்டுக்கொண்டதா, தெரியவில்லை.

"ரெண்டு தடவயா அடிச்சாங்க?"

"ஆமாக்கா" என்றான்.