தார் உருகிய பரிசல்

1. காவிரியின் நடுவே உள்ள மணல்திட்டில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க, அப்பா ஒரு பரிசலை வாடகைக்கு எடுத்தார்.
2. அடுப்பு மூட்டியதும் தூறல் விழுந்தது.
3. அப்பா பரிசலைக் கவிழ்த்து, கற்களை முட்டுக்கொடுத்து, அடுப்புக்குக் கூரையாக்கினார்.
4. பரிசலில் பூசியிருந்த தார் சூட்டில் உருகி, சோற்றில் சொட்டியது.

இன்று மைசூரில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். அந்த வாசனையில் தொண்ணூறுகளின் அந்த மாலை திரும்பி வந்தது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நான்கு.

"கூரை ஜோரா இருக்குங்க. வீட்டுக்கு எதுல போறது?" என்று அம்மா சிரித்தாள். அப்போதுதான், மலையில் பெய்த மழையால் ஆறு ஏறுவதைக் கண்டாள். ஓரத்தில் விட்டிருந்த எங்கள் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

சப்பாத்தி மாவைப் பரிசலில் தார் உருகித் திறந்த ஓட்டைகளில் அப்பி, மாற்றுப் புடவையைக் கிழித்துத் திணித்தாள். அப்பா கரையை நோக்கிக் கன்னடத்தில் கத்தினார். பதில் இல்லை.

"நாலு பேரைத் தாங்காது" என்றார்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"உன்னை எப்படி விட்டுட்டு..."

"பேசிட்டு நின்னா மாவு கரைஞ்சிடும். போங்க!"

பரிசலுக்குள் கசிந்த தண்ணீரை நான் சொம்பால் இறைத்தேன். தம்பி அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். நிமிரும்போதெல்லாம் அவள் இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் என்று தண்ணீர் அவள்மேல் ஏறியது.

எங்களைக் கரையில் இறக்கிவிட்டு அப்பா திரும்பிப் போனார். அவர் சேர்ந்தபோது வெள்ளம் அம்மாவின் இடுப்பைத் தாண்டியிருந்தது. பாதி மூழ்கிய பரிசலில் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். பேருந்தோ லிஃப்டோ, அம்மா ஏறிய பிறகுதான் அப்பா ஏறுகிறார்.