ஒரு கேள்வி கூடுதல்

வழக்கறிஞர் குளியலறைக்குள் புகுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர் விழும் ஓசைக்கு நடுவே, "கடையை நடத்த உமக்கு உண்மையிலேயே விருப்பம் உண்டா?" என்று அவர் அதட்டுவது கூடம்வரை கேட்டது.

"குழாயை விசாரிச்சது போதும், வெளிய வாங்க. அது எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கு," என்றாள் மனைவி.

வெளியே வந்தவர் சிரிக்கவில்லை. தட்டில் இருந்ததைப் பிட்டுப் பிட்டு வைத்தாரேயன்றி வாயில் போடவில்லை.

அன்று வழக்கு ஒரு தையல்கடையைப் பற்றியது. கடை இருந்த கட்டடத்தின் உரிமையாளர், தம் மகன் அங்கே மருந்துக்கடை வைக்கப்போவதாகச் சொல்லி, வாடகைக்கு இருந்த தையல்காரப் பெண்மணியைக் காலிசெய்யக் கோரியிருந்தார். அம்மகனே சாட்சி. அவனைக் குறுக்கு விசாரணை செய்யும் பொறுப்பு, பெண்மணியின் வழக்கறிஞராகிய இவருடையது.

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. இவர் அதைப் படித்ததோடு நில்லாமல் பட்டும் அறிந்தவர். தொழிலுக்கு வந்த புதிதில், விபத்து வழக்கொன்றில், "கண்ணாடி அணியாத நீர் அவ்வளவு தொலைவில் வந்த வண்டியை எப்படிப் பார்த்தீர்?" என்று ஒரு முதியவரை மடக்கப் பார்த்தார். "தொலைவா? அது என் கால்மேலதானேய்யா ஏறுச்சு!" என்றார் முதியவர். நீதிமன்றமே சிரித்தது, வழக்கும் போயிற்று. அந்தச் சிரிப்பு இன்றும் அவர் காதைவிட்டு அகலவில்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் தையல்காரப் பெண்மணி முன்னதாகவே வந்து காத்திருந்தாள்.

"சார், அந்தத் தம்பி பேன்ட் உயரம் குறைக்க வந்தப்போ என்கிட்ட வாய்விட்டுச் சொன்னான். 'கடையில உக்கார எனக்குப் பிடிக்கலக்கா, அப்பாதான் ஒத்தக்கால்ல நிக்கிறார்'னு. அதை ஒரே ஒரு தடவை கேட்டுடுங்க."

"உங்ககிட்ட சொன்னது வேறம்மா. அப்பா எதிர்ல உக்காந்திருக்கும்போது கூண்டுல ஏறிச் சொல்றது வேற. 'ரொம்ப விருப்பம்'னு சொல்லிட்டான்னா கதை முடிஞ்சுது."

"அப்போ கேட்டாலும் பயம், கேக்காட்டியும் பயம்னு சொல்லுங்க."

"அதேதாம்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கையைத் தூக்குங்க சார். கவுன்ல கக்கத்துத் தையல் விட்டிருக்கு." கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தவள், தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபடியே சொன்னாள்: "இந்தக் கடையும் போச்சுன்னா மெஷினை எங்க கொண்டுபோய்ப் போடுவேன்னே தெரியல சார்."

வழக்கு அழைக்கப்பட்டது. எதிர்த்தரப்பில் மூத்த வழக்கறிஞர். குரல் வளத்தால் 'பீரங்கி' என்று பெயர் பெற்றவர். முன்வரிசையில் தந்தை கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

இவர் கரையோரமாகவே நீந்தினார். என்ன படிப்பு? கணினி. மருந்துக்கடை அனுபவம்? இல்லை. உரிமத்துக்கு விண்ணப்பம்? "அதெல்லாம் அப்பா பாத்துக்குவார்."

அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது. தையல்காரப் பெண்மணி தம் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பதை இவர் திரும்பாமலே உணர்ந்தார்.

"வேறு கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தார். தம்மை உட்கார வைத்தது அறிவா, கோழைத்தனமா என்று அவருக்கே விளங்கவில்லை.

பீரங்கி அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால், "அப்பா பாத்துக்குவார்" என்ற விடை அவரை உறுத்தியது. ஓட்டையை அடைக்க எழுந்தார்.

"தம்பி, படிப்பு எதுவா இருந்தா என்ன, இந்தக் கடையை நீங்களே நடத்தணும்னு உங்களுக்கு முழு விருப்பம் இருக்குதானே?"

விடையையும் சேர்த்து ஊட்டும் கேள்வி அது; தம் சாட்சியிடம் அப்படிக் கேட்கச் சட்டம் இடம் தராது. ஆட்சேபணை இவர் தொண்டைவரை வந்துவிட்டது. பழக்கத்தால் உடல் பாதி எழுந்தும்விட்டது. எழுந்தால் கேள்வி ஒழியும். எழாவிட்டால் 'ஆமா' என்ற ஒரு சொல்லில் கடை ஒழியலாம்; பெண்மணியிடம் சொன்னதையே அவன் இங்கும் சொன்னால் பிழைக்கவும் செய்யலாம். மேசை விளிம்பை இறுகப் பற்றி, மீண்டும் அமர்ந்தார்.

நீதிபதி அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆட்சேபணையா?"

"இல்லை, மேடம்."

சாட்சி தந்தையை நோக்கினான். தந்தையின் தலை மெல்ல அசைந்தது.

"பதில் அங்கயா எழுதியிருக்கு? இங்க பாத்துச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"அப்பா சொன்னா நடத்துவேன் மேடம்."

"அவர் கேட்டது உங்க விருப்பத்தை."

இம்முறை அவன் தந்தையைப் பார்க்கவில்லை. "எனக்கு… கடையில உக்கார இஷ்டமில்ல மேடம்."

"அதாவது, ஆரம்பத்துல கொஞ்ச நாள்…" என்று பீரங்கி முழங்கத் தொடங்கினார்.

"சாட்சி அவர்தான், நீங்க இல்ல," என்ற நீதிபதி, அவன் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்யப் பணித்தார். தந்தையின் கட்டிய கைகள் அவிழ்ந்து மடியில் விழுந்தன.

வெளியே வந்ததும் பீரங்கி இவர் தோளைப் பிடித்தார். "ஏன்யா ஆட்சேபிக்கல? சட்டம் மறந்துபோச்சா?"

"நல்லா ஞாபகம் இருந்துச்சுண்ணே. அதான் உயிர் போயிடுச்சு."

"ஜெயிச்சுட்டோமா சார்?" என்று ஓடிவந்தாள் தையல்காரப் பெண்மணி.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த வார்த்தையே வாயில வரக்கூடாது."

அவள் பார்வை படிக்கட்டின் கீழே சென்றது. தந்தை மகனைத் திரும்பியும் பாராமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவன் வாசலில், போக்கிடம் தெரியாதவன் போல் நின்றான்.

"ஐயோ பாவம்," என்று அவள் விறுவிறுவெனப் படியிறங்கினாள்.

வழக்கறிஞர் பதறிக் கூவினார். "அம்மா, நில்லுங்க! அவன் எதிர்த்தரப்புச் சாட்சி. நீங்க பேசினா, நாமதான் அவனைக் கலைச்சோம்னு நாளைக்கே மனுப் போடுவாங்க!"

"சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா சார்?"

"கூடாதும்மா."

அவள் நடுப்படியிலேயே நின்றுவிட்டாள். கீழே நின்றவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் இறங்கிவிடுவாளோ என்ற பதைப்பில், தம்முடைய அடுத்த வழக்கு அழைக்கப்படும் குரல் கேட்டும் வழக்கறிஞர் அங்கிருந்து நகரவில்லை.